ஒரே கணக்கு, வேறு வேளை

தமிழ்நாட்டின் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூல் 2019-இல் புதிதாக வந்தது. முதல் பாடம் ‘செயற்கூறு’. அந்தப் பாடத்தின் நிரல்கள் சி++ மொழியில் இல்லை, பைத்தானிலும் இல்லை. ‘லெட் ரெக்’ என்று தொடங்கி, ‘:=’ போட்டு, அடைப்புக்குறி இல்லாமல் அளபுருக்களை அடுக்கிக்கொண்டு போகும் எழுத்து அது. பிரான்சில் உருவான ஓகேமல் மொழியின் சாயல் தெரியும். ஆனால் ஓகேமல் கம்பைலரிடம் கொடுத்தால் ஏற்காது. தாளில் வைத்துப் படிப்பதற்கென்று செய்த வடிவம். ஐந்தாம் பாடத்தில் புத்தகம் பைத்தானுக்குத் தாவிவிடுகிறது. ஆக, திருத்துறைப்பூண்டியில் கணினி அறிவியல் குரூப் எடுக்கும் பிள்ளைக்கும், ஒரு மொழியின் நிரலை இன்னொரு மொழிக்கு மாற்றும் வேலை முதல் சில மாதங்களிலேயே வந்துவிடுகிறது. அதை யாரும் பாடமாக நடத்துவதில்லை.

அந்த முதல் பாடத்தின் பயிற்சி வினாக்களில் மீப்பெரு பொது வகுத்தி காணும் நிரல் ஒன்று இருக்கிறது. ‘ஆ’ சுழியம் இல்லையென்றால், ‘ஆ’-வையும், ‘அ’-வை ‘ஆ’-வால் வகுத்த மீதியையும் வைத்து அதே செயற்கூற்றை மறுபடி அழை. சுழியம் என்றால் ‘அ’-வைத் திருப்பிக் கொடு. யூக்ளிட் சொன்ன வழி. 15, 6 என்று கொடுத்தால் 6, 3 ஆகும், பிறகு 3, 0 ஆகும், விடை 3.

இதைப் பைத்தானுக்குக் கொண்டுபோவது சின்ன வேலை போலத்தான் தெரியும். ‘லெட் ரெக்’ போய் ‘டெஃப்’ வரும். ‘<>’ போய் ‘!=’ வரும். ‘மாட்’ போய் ‘%’ வரும். சொல்லுக்குச் சொல் மாற்றி ஓடவிட்டால் 15, 6-க்குத் திரையில் விழுவது 3 அல்ல, ‘நன்’ என்ற சொல். விடை எதுவுமில்லை என்று பொருள். காரணம் எளிது. ஓகேமல் வகை மொழிகளில் ‘இஃப்’ என்பதே ஒரு மதிப்பு. எந்தக் கிளையில் போனாலும் அந்தக் கிளையின் மதிப்புதான் விடை. பைத்தானில் அது வெறும் கட்டளை. ‘ரிட்டர்ன்’ என்று எழுதாத கிளையிலிருந்து எதுவும் திரும்பி வராது. பாடநூல் நிரலிலோ ‘ரிட்டர்ன்’ ‘எல்ஸ்’ பக்கம் மட்டும்தான் இருக்கிறது.

இதைவிட நுட்பமான சிக்கலும் உண்டு. வகுத்து மீதி எடுக்காமல், பெரியதிலிருந்து சிறியதைக் கழித்துக்கொண்டே போகும் பழைய வழியில் அதே கணக்கை எழுதிப் பாருங்கள். 5000, 1 என்று கொடுத்தால் ஏறத்தாழ ஐயாயிரம் முறை தன்னைத்தானே அழைக்க வேண்டும். ஓகேமல் இதைச் சத்தமில்லாமல் முடித்துவிடும். கடைசியில் வரும் மறு அழைப்புக்கு அது புது இடம் எடுப்பதில்லை. பைத்தான் வழக்கமான அமைப்பில் ஆயிரம் அழைப்பு ஆழத்திலேயே ‘ரிகர்ஷன் எரர்’ என்று நின்றுவிடும். சமன்பாடு ஒன்றேதான், எழுத்துப் பிழையும் இல்லை. ஆனால் அந்தக் கணக்கு எவ்வளவு இடம் எடுக்கும் என்ற செய்தி நிரலில் எழுதப்படவே இல்லை. அது மொழிக்குள் இருந்தது, மொழியோடு போய்விட்டது.

பைத்தான் செயற்கூற்று மொழி அல்ல என்பதால் இப்படி ஆகிறது, இரண்டு பக்கமும் செயற்கூற்று மொழிகளாக இருந்தால் பெயர்ப்பு நேர்கோட்டில் போகும் என்று ஒருவர் சொல்லலாம். செயற்கூற்று மொழியில் ஒரு மாறிக்கு இட்ட மதிப்பை அழித்து எழுதுவதில்லை. கணிதச் சார்பைப் போல உள்ளீட்டிலிருந்து விடையைக் கட்டுகிறோம். அப்படிப்பட்ட இரண்டு மொழிகளுக்கு நடுவே எது தொலைந்துபோக முடியும்? இந்தக் கேள்விக்குப் பதில் தேட, நம் பக்கத்து ஊர்ப்பெயர் ஒன்றைப் பின்தொடரலாம்.

நீடாமங்கலம் பக்கம் ரிஷியூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. அந்தப் பெயரைத் தன் பெயருக்கு முன்னால் வைத்திருக்கும் கணினி அறிவியலாளர் ரிஷியூர் எஸ். நிகில். கான்பூர் ஐஐடியில் படித்து, பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, எம்ஐடியில் பேராசிரியர் அர்விந்தோடு சேர்ந்தவர். 2024 ஜூனில் மறைந்த அர்விந்தும் கான்பூர் ஐஐடிக்காரர்தான். இந்த இருவரின் வேலையில் செயற்கூற்று மொழிகளுக்கு இடையிலான பெயர்ப்பு ஒருமுறையல்ல, இரண்டுமுறை நடந்தது. அதுவும் எதிரெதிர்த் திசைகளில்.

முதலாவது ‘ஐடி’ என்ற மொழியின் கதை. கலிபோர்னியாவில் இர்வைன் பல்கலைக்கழகத்தில் அர்விந்தும் கிம் கோஸ்ட்லோவும் 1970-களில் தொடங்கியது. ‘இர்வைன் டேட்டாஃப்ளோ’ என்பதன் சுருக்கம்தான் பெயர். அர்விந்த் 1978-இல் எம்ஐடிக்குப் போனபோது மொழியும் கூடவே போனது. சாதாரணக் கணினி கட்டளைகளை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து ஓட்டும். டேட்டாஃப்ளோ கணினியில் வரிசை கிடையாது. எந்தக் கட்டளைக்கு வேண்டிய மதிப்புகள் வந்து சேர்ந்தனவோ அது ஓடும். மோட்டோரோலா நிறுவனத்தோடு சேர்ந்து எம்ஐடி அப்படி ஒரு இயந்திரத்தையே செய்தது. அதற்கு ‘மான்சூன்’ என்று பேர் வைத்தார்கள். 2018 நவம்பரில் கஜா புயலைப் பார்த்த ஊர்க்காரர்களுக்கு அந்தப் பெயர் அவ்வளவு குளிர்ச்சியாகப் படாது.

அதே காலத்தில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருந்த செயற்கூற்று மொழி ஆய்வாளர்கள், ஆளுக்கொரு மொழி வைத்துக்கொள்வதை விட்டுப் பொதுவாக ஒன்றைச் செய்வோம் என்று 1987-இல் கூடிப் பேசினார்கள். 1990-இல் ஹாஸ்கெல் மொழியின் முதல் அறிக்கை வெளிவந்தது. ஐடிக்கும் ஹாஸ்கெலுக்கும் பொதுவானவை நிறைய. வகைகளைக் கம்பைலரே ஊகித்துக்கொள்ளும். செயற்கூறுகளையே மதிப்புகளாகக் கைமாற்றலாம். இன்னும் கணக்கிட்டு முடியாத ஒன்றை ஒரு தரவுக் கட்டமைப்புக்குள் வைக்கலாம். வேறுபாடு ஓர் இடத்தில்தான்: எந்தக் கணக்கு எப்போது நடக்க வேண்டும் என்பதில்.

இதை விளக்க டெல்டாவில் இருப்பவர் வெளியே போக வேண்டியதில்லை. குளம் முழுக்க நிரம்பட்டும், பிறகு மதகைத் திறக்கலாம் என்பது ஒரு முறை. பெரும்பாலான மொழிகள் இப்படித்தான். அளபுருக்கள் எல்லாம் கணக்கிட்டு முடிந்த பிறகே செயற்கூற்றுக்குள் நுழையும். கடைமடைக்காரர் வந்து கேட்டால்தான் தலைமடையில் ஷட்டரைத் தூக்குவது இன்னொரு முறை. ஹாஸ்கெல் இது, யாரும் கேட்காத மதிப்பை அது கணக்கிடுவதே இல்லை. மூன்றாவது முறை, ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தால் நடப்பது. நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று தண்ணீர் பிரிகிறது. கேட்டாலும் கேட்காவிட்டாலும் எல்லா வாய்க்காலிலும் ஓடுகிறது. முதல் வயல் நிரம்பும்வரை இரண்டாம் வயல் காத்திருப்பதில்லை. எந்த வயலுக்குத் தண்ணீர் வந்ததோ அங்கே வேலை தொடங்கும். ஐடி இந்த வகை. வயல்கள் நிறைந்த பிறகும் ஓடிவரும் மிச்சம் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டைத் தாண்டிக் கடலுக்குப் போகிறதே, அந்தச் செலவும் ஐடிக்கு உண்டு.

அந்தச் செலவு எங்கே கணக்கில் ஏறுகிறது என்று பார்ப்போம். ஹாஸ்கெலில் ஒன்று, இரண்டு, மூன்று என்று முடிவில்லாமல் போகும் எண் பட்டியலை ஒரே வரியில் எழுதலாம்: ஓர் எண், அதற்குப் பின்னால் அதைவிட ஒன்று கூடிய எண்ணிலிருந்து தொடங்கும் அதே பட்டியல். அதிலிருந்து முதல் ஐந்தை எடு என்றால் ஐந்தை மட்டும் கணக்கிட்டு நிரல் முடிந்துவிடும். இதே வரியை ஐடிக்குப் பெயர்த்தால் ஐந்து எண்களும் வரும். விடையில் பிழை இருக்காது. ஆனால் ஆறாவது, ஏழாவது, பத்தாயிரமாவது என்று பட்டியல் பின்னால் வளர்ந்துகொண்டே இருக்கும், நினைவகம் தீரும்வரை. ஹாஸ்கெல் நிரலர் ‘முடிவிலிப் பட்டியல் செய், வேண்டியதை எடு’ என்ற பாணியில் யோசிக்கப் பழகியவர். அந்தப் பாணிக்கு ஐடியில் இடமில்லை. தாமதத்தை அங்கே நிரலரே குறித்துச் சொல்ல வேண்டும்.

இது வெறும் வகுப்பறை எடுத்துக்காட்டு அல்ல. ஜெஃப் ஹாம்ஸ், ஓலஃப் லூபெக், விம் போம் ஆகியோர் 1995-இல் செயற்கூற்று நிரலாக்கத்துக்கான ஆய்விதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஃபோட்டான்கள் பொருளுக்குள் எப்படிப் பயணிக்கின்றன என்பதை மான்டி கார்லோ முறையில் கணக்கிடும் பெரிய நிரல் ஒன்றை ஐடியிலும் ஹாஸ்கெலிலும் எழுதி ஒப்பிட்ட கட்டுரை அது. அந்த நிரல் உள்ளீட்டைப் பிரித்துப் படிக்க வேண்டும், தரவுக் கட்டமைப்புகளில் ஏறி இறங்க வேண்டும், எண் கணக்கும் போட வேண்டும். மொழியைச் சோதிக்க நல்ல உரைகல். கேட்டால்தான் கணக்கிடுவது என்ற ஹாஸ்கெலின் குணம், நிரலர் எழுதும் பாணியையே எப்படித் திருப்புகிறது என்பதை அவர்கள் விரிவாகப் பார்த்தார்கள். கடைசியில் அவர்களுக்கும் ஒரு தடை இருந்தது. நடைமுறை அளவிலான பெரிய கணக்குகளை அன்றைய செயற்கூற்று வடிவங்களில் ஓட்ட முடியாதபடி வள மேலாண்மைச் சிக்கல்கள் குறுக்கே நின்றன என்று அவர்களே எழுதினார்கள்.

அர்விந்தும் நிகிலும் எடுத்த முடிவு எனக்குச் சுவாரசியமாகப் படுகிறது. ஐடியின் எழுத்தை விட்டுவிட்டார்கள். ஐடியின் வேளையை விடவில்லை. ‘பிஹெச்’ என்ற புது மொழி ஹாஸ்கெல் மாதிரியே எழுதப்படும், ஐடி மாதிரியே ஓடும். ‘பேரலல் ஹாஸ்கெல்’ என்று விரித்துக்கொள்ளலாம். ஹாஸ்கெல் கம்பைலர் எழுதிய சுவீடன்காரர் லெனார்ட் ஆகஸ்ட்ஸனும் அந்த முயற்சியில் இருந்தார். 2001-இல் நிகிலும் அர்விந்தும் இந்த மொழியைப் பற்றி ஒரு முழுப் பாடநூலே வெளியிட்டார்கள். வகைகளும் பட்டியல்களும் ஹாஸ்கெல் படித்தவருக்குப் பழகியவைதான். ஆனால் அந்த முடிவிலிப் பட்டியலை இங்கே எழுதினால் விடை வந்த பிறகும் நிரல் முடியாது. ஒரே எழுத்து, வேறு வேளை. நிரலை மாற்ற வேண்டாம், ஆனால் அதைப் பற்றிய எண்ணத்தை மாற்ற வேண்டும் என்பதை மறைக்காமல் சொன்ன மொழி என்பதால் அதன்மேல் எனக்கு மதிப்பு.

ஐடியிலிருந்து எதிர்ப்பக்கமும் ஒன்று போனது. ஐடியில் ‘எம்-ஸ்ட்ரக்சர்’ என்று ஒரு வகைப் பெட்டி உண்டு. எடுத்தால் காலியாகும், காலியாக இருக்கும்போது எடுக்க வந்தவர், வேறு யாராவது போடும்வரை காத்திருக்க வேண்டும். 1996-இல் ‘கன்கரண்ட் ஹாஸ்கெல்’ வந்தபோது இதே கருத்து ‘எம்-வார்’ என்ற பெயரில் உள்ளே நுழைந்தது. இன்றைக்கும் ஹாஸ்கெலில் இணையாக ஓடும் நிரல் எழுதுகிறவர்கள் தினமும் அதைத் தொடுகிறார்கள். பிஹெச் மொழியை இன்று யாரும் வேலைக்குப் பயன்படுத்துவதாகத் தெரியவில்லை. பெட்டி மட்டும் நிலைத்துவிட்டது.

இரண்டாவது பெயர்ப்பு நமக்கு நெருக்கமானது. சென்னை ஐஐடியில் வந்து முடிவது.

1990-களின் பிற்பகுதியில் அர்விந்தும் அவருடைய மாணவர் ஜேம்ஸ் ஹோவும், சிப் வடிவமைப்பை விதிகளாக எழுத முடியுமா என்று பார்த்தார்கள். ‘இந்த நிலை இருந்தால் இதைச் செய்’ என்ற சின்னச் சின்ன விதிகள். ஒவ்வொரு விதியும் முழுதாக நடக்கும் அல்லது நடக்கவே நடக்காது, பாதியில் நிற்காது. 2000-இல் சாண்ட்பர்ஸ்ட் என்ற சிப் நிறுவனத்தை அர்விந்த் தொடங்கினார். அங்கே ஆகஸ்ட்ஸன் இந்த விதிகளை ஹாஸ்கெலோடு இணைத்து ‘புளூஸ்பெக்’ மொழியையும் அதன் கம்பைலரையும் செய்தார். கம்பைலரே ஹாஸ்கெலில் எழுதப்பட்டது. 2003-இல் புளூஸ்பெக் தனி நிறுவனமானது. நிகிலும் அதில் இணை நிறுவனர்.

விற்கப் போனபோதுதான் சிக்கல். சிப் வடிவமைப்பாளர்கள் வெரிலாக் என்ற வன்பொருள் மொழியில் வளர்ந்தவர்கள். ‘மாட்யூல்’ என்றால் ‘எண்ட்மாட்யூல்’ வேண்டும், வரி முடிவில் அரைப்புள்ளி வேண்டும், மாறிக்கு முன்னால் வகை வேண்டும். வரி உள்தள்ளலை வைத்தே பொருள் சொல்லும் ஹாஸ்கெல் எழுத்தைப் பார்த்தால் அவர்களுக்கு அது வன்பொருளாகவே தெரியாது. இந்தமுறை போன திசை முந்தையதற்கு நேர் எதிர், ஹாஸ்கெல் எழுத்திலிருந்து வெளியே. உள்ளே இருப்பதை ஒரு இழைகூட மாற்றாமல் மேலே உள்ள எழுத்தை மட்டும் மாற்றினார்கள். ‘புளூஸ்பெக் சிஸ்டம்வெரிலாக்’ பிறந்தது. பழைய வடிவம் ‘கிளாசிக்’ என்ற பெயரோடு தங்கிவிட்டது. ஒரே கம்பைலர் இரண்டையும் படிக்கும். கோப்பின் பின்னொட்டு ‘பி.எஸ்’ என்றால் கிளாசிக், ‘பி.எஸ்.வி’ என்றால் மற்றது. ஒன்றில் எழுதிய தொகுப்பை மற்றதிலிருந்து இறக்குமதி செய்துகொள்ளலாம். கருத்துப் போக்குவரத்து ஒருவழியாகவும் இல்லை. குறியிட்ட யூனியன், வடிவப் பொருத்தம் என்று எம்எல், ஹாஸ்கெல் குடும்பத்தில் பிறந்தவை, புளூஸ்பெக் தரப்பின் வழியாகச் சிஸ்டம்வெரிலாக் தரநிலைக்கே போய்ச் சேர்ந்தன.

சென்னை ஐஐடியில் பேராசிரியர் காமகோடியின் குழுவினர் செய்த சக்தி நுண்செயலிகள் இந்தப் பி.எஸ்.வி எழுத்தில்தான் எழுதப்பட்டன. 2018-இல் இன்டெலின் ஓரிகான் ஆலையில் 22 நானோமீட்டரிலும், அதே ஆண்டு சண்டிகர் குறைக்கடத்தி ஆய்வகத்தில் 180 நானோமீட்டரிலும் சிப்புகள் வந்தன. 2020-இல் ‘மௌஷிக்’ வந்தது. 2025-இல் இஸ்ரோவோடு சேர்ந்து செய்த ‘ஐரிஸ்’ அறிவிக்கப்பட்டது. செய்தித்தாள்கள் ‘உள்நாட்டுச் சிப்’ என்று எழுதின, அது சரிதான். அந்தச் சிப்பின் மூலநிரல் வெரிலாக் வேட்டி கட்டிய ஹாஸ்கெல் என்பதை யாரும் எழுதவில்லை. எழுதியிருந்தாலும் தலைப்புக்குத் தேறியிருக்காது.

இப்போது நம் 15, 6 கணக்கை இந்த மொழியில் வைத்துப் பார்க்கலாம். புளூஸ்பெக் கற்பிக்கிறவர்கள் வழக்கமாக எடுக்கும் முதல் எடுத்துக்காட்டும் மீ.பொ.வ.தான். ‘அ’, ‘ஆ’ என்று இரண்டு பதிவகங்கள். இரண்டு விதிகள். ‘ஸ்வாப்’ விதி: ‘அ’ பெரியது, ‘ஆ’ சுழியமில்லை என்றால் இரண்டையும் இடம் மாற்று. ‘சப்ட்ராக்ட்’ விதி: ‘அ’ பெரியதல்ல, ‘ஆ’ சுழியமில்லை என்றால் ‘ஆ’-விலிருந்து ‘அ’-வைக் கழி. 15, 6 என்பது 6, 15 ஆகும்; 6, 9 ஆகும்; 6, 3 ஆகும்; 3, 6 ஆகும்; 3, 3 ஆகும்; 3, 0 ஆகும். ‘ஆ’ சுழியமானதும் எந்த விதியும் ஓடாது. ‘அ’-வில் விடை 3. துடிப்புக்கு ஒரு விதி என்று ஆறு கடிகாரத் துடிப்பு.

கிளாசிக் வடிவத்திலிருந்து பி.எஸ்.வி வடிவத்துக்கு மாற்றும்போது கண்ணில் படுபவை எல்லாம் மேல்பூச்சு. ‘/=’ என்பது ‘!=’ ஆகும். பதிவகத்தில் எழுத ‘:=’ இருந்த இடத்தில் ‘<=’ வரும். ‘சிறியது அல்லது சமம்’ என்பதற்கும் அதே ‘<=’ குறிதான்; ஒரே விதியில் நிபந்தனையில் ஒரு பொருளிலும் அடுத்த வரியில் இன்னொரு பொருளிலும் வந்து புதியவரைக் குழப்பும். வெரிலாக்கின் பழைய நோய், பெயர்ப்பில் ஒட்டிக்கொண்டது. வகைகளின் மேல் வைக்கும் நிபந்தனைகள் ஹாஸ்கெலில் ‘=>’ குறிக்கு முன்னால் வரும்; பி.எஸ்.வியில் ‘புரொவைசோஸ்’ என்ற சொல்லோடு பின்னால் போகும். இதையெல்லாம் ஒரு கருவியே செய்துவிடும்.

இடம் மாற்றும் விதி மட்டும் வேறு ரகம். உள்ளே இரண்டே வரி: ‘அ’-வில் ‘ஆ’-வை எழுது, ‘ஆ’-வில் ‘அ’-வை எழுது. நடுவில் தற்காலிக மாறி கிடையாது. இரண்டும் ஒரே கணத்தில் நடப்பதாகப் பொருள். இரண்டு வரிகளும் பழைய மதிப்புகளையே படிக்கின்றன. கிளாசிக்கிலும் பி.எஸ்.வியிலும் அப்படியே. அதே இரண்டு வரிகளைச் சி மொழிக்கோ பைத்தானுக்கோ வரிக்கு வரி கொண்டுபோனால் முதல் வரியிலேயே 15 அழிந்துவிடும். 6, 6 ஆகி, பிறகு 6, 0 ஆகி, விடை 6 என்று வரும். 15-ஐ 6 வகுக்காது என்பது நான்காம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். நிரல் நிற்கவில்லை, பிழைச் செய்தியும் இல்லை. அளவான ஓர் எண்ணை, தவறாக, தயக்கமில்லாமல் சொல்லியது. பெயர்ப்பில் நான் அஞ்சுவது இந்த வகையைத்தான். பைத்தானின் ‘நன்’ எவ்வளவோ நேர்மையானது.

உண்மையான நுண்செயலியில் விதிகள் இரண்டல்ல. சக்தியின் சி-வகுப்புச் செயலியில் கட்டளையை எடுப்பது, பிரித்துப் புரிந்துகொள்வது, செய்வது என்று கட்டங்கள் இருக்கின்றன. கட்டங்களுக்கு நடுவே வரிசைப் பெட்டிகள். பெட்டி காலியாக இருந்தால் அடுத்த கட்டத்தின் விதி ஓடாது. நிறைந்திருந்தால் முந்தைய கட்டத்தின் விதி ஓடாது. இந்த நிபந்தனையை நிரலர் ஒவ்வொரு விதியிலும் எழுத வேண்டியதில்லை. பெட்டியே அதைத் தன்னோடு வைத்திருக்கும். கம்பைலர் விதியோடு சேர்த்துக்கொள்ளும். ஒரே துடிப்பில் பல விதிகள் ஓடலாம். ஆனால் அவை ஒன்றன்பின் ஒன்றாக ஏதோ ஒரு வரிசையில் ஓடியிருந்தால் வந்திருக்கும் விளைவே வர வேண்டும். இந்தக் கட்டுப்பாட்டைக் கம்பைலர் காக்கிறது. மதிப்பு வந்தால் வேலை, இல்லையென்றால் காத்திருப்பு. ஐடியின் பழைய வேளைக்கணக்கு இங்கே சிலிக்கானில் உட்கார்ந்திருக்கிறது.

புளூஸ்பெக் கம்பைலர் நெடுங்காலம் உரிமம் வாங்கிப் பயன்படுத்த வேண்டிய பொருளாக இருந்தது. 2020 ஜனவரியில் திறமூலமாக வெளியிட்டார்கள். இப்போது யாரும் இறக்கிக்கொள்ளலாம். சக்தியின் மூலநிரலும் திறந்தே இருக்கிறது. நம் பக்கத்துக் கல்லூரிகளில் வெரிலாக் நடத்துகிறார்கள், ஹாஸ்கெலைத் தொடுவது அபூர்வம். இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க இதைவிட வசதியான இடம் எனக்குத் தெரியவில்லை.

பி.எஸ்.வி நிரல் நேராகச் சிப் ஆலைக்குப் போவதில்லை. கம்பைலர் அதைச் சாதாரண வெரிலாக் ஆக்கித் தருகிறது. மூன்றாவது பெயர்ப்பு இது, இதுதான் திரும்ப முடியாதது. வகைகள் உதிர்ந்து வெறும் பிட்டுகளாகின்றன. செயற்கூறுகள் விரிந்து கம்பிகளாகின்றன. விதி என்ற ஒன்றே காணாமல்போகிறது. அந்த வெரிலாக்கைத் திறந்து மீ.பொ.வ. நிரலைத் தேடினால் யூக்ளிட் எங்கும் கிடைக்கமாட்டார். ஆனால் ஒவ்வொரு விதிக்கும் பெயரோடு இரண்டு கம்பிகள் மட்டும் மிஞ்சியிருக்கும். ‘கேன்_ஃபயர்_ஆர்எல்_ஸ்வாப்’ என்ற கம்பி, நிபந்தனை நிறைவேறி அந்த விதி ஓடத் தகுதியாக இருக்கிறதா என்று சொல்லும். ‘வில்_ஃபயர்_ஆர்எல்_ஸ்வாப்’ என்ற கம்பி, இந்தத் துடிப்பில் அது உண்மையாகவே ஓடுகிறதா என்று சொல்லும். சிப்பில் பிழை தேடும் பொறியாளர் அலைவடிவத் திரையில் முதலில் தேடிப் பிடிப்பது இந்த இரண்டு பெயர்களைத்தான்.